திருகோணமலை முற்றத்தில் குடுவைச் செடி: நோய்க்குறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

குடுவைச் செடி கருகத் தொடங்கியதும் பெரும்பாலானோர் மருந்துக்கடைக்குத்தான் ஓடுகின்றனர். திருகோணமலையில் அந்த ஓட்டம் பெரும்பாலும் வீண். இந்த ஊரில் நான் பார்த்த வாடிய செடிகளுள் பூஞ்சையாலோ பூச்சியாலோ நொந்தவை சிலவே. மற்றவையெல்லாம் தண்ணீரில் கரைந்திருந்த உப்பாலோ, வைகாசி தொடங்கி ஆவணி கடந்தும் வீசுகின்ற கச்சான் காற்றாலோ நொந்தவை. ஆகவே கீழே எந்த நோய்க்குறியைப் பார்த்தாலும், எந்த நீரை ஊற்றி வந்தீர்கள், இது எந்த மாதம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள்.

இங்கே குடுவைச் செடி என்று நான் குறிப்பது, குடுவைக்குள் விழும் பூச்சிகளைச் செரித்து உண்ணும் நெப்பெந்தஸ் இனத்தை. இலங்கைக்கே உரிய நெப்பெந்தஸ் டிஸ்டிலடோரியா, சிங்களவர் பாந்துரா என்று அழைப்பது, சிங்கராஜா, கன்னெலிய போன்ற தென்மேற்கு ஈரவலயத் தாழ்நிலங்களில் வளர்வது. லின்னேயஸ் 1753 இல் பெயரிட்ட செடி. அதன் கொடியை வேலி கட்டவும் விறகுக் கட்டு கட்டவும் அப்பகுதி மக்கள் பயன்படுத்தி வந்தனர் என்பதிலிருந்தே அது அங்கே எவ்வளவு சாதாரணமான செடி என்பது விளங்கும். ஒரே தீவுதான் என்றாலும் அந்தக் காடு ஆண்டு முழுவதும் நனைகிறது, நம்முடைய உலர்வலயமோ ஐப்பசியிலிருந்து தை வரை நனைந்துவிட்டு மீதி மாதங்களில் காய்கிறது. இந்த வேறுபாட்டைச் சரிக்கட்டுவதே இங்கு நம் வேலை முழுவதும். ஒதுக்குக் காடுகளிலிருந்து செடி பிடுங்குவது குற்றம் என்பதோடு, அப்படிப் பிடுங்கிய கொடி சாடியில் பிழைப்பதும் அரிது. நாற்றுமேடையில் வளர்த்த செடியையே வாங்குங்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைக்குள் நெப்பெந்தஸ் இனம் முழுவதும் வருவதால், வெளிநாட்டிலிருந்து பொதியில் வரவழைப்பதற்கும் உரிய பத்திரங்கள் வேண்டும்.

வாங்கும்போது தாழ்நிலச் செடியா மலைச் செடியா என்று கேட்டறிவது பாதி வெற்றி. மிராபிலிஸ், ஆம்புலாரியா, ரஃப்லெசியானா ஆகியனவும் வென்ட்ராட்டா என்ற கலப்பினமும் நமது வெப்பத்தைப் பொறுக்கும். இரவில் 15 பாகை செல்சியசுக்கு அருகே குளிர வேண்டிய மலைச் செடிகள், இரவிலும் ஏறக்குறைய 25 பாகையாக இருக்கும் இந்த ஊரில் மெல்ல மெல்லச் சிறுத்து மடியும். அதற்கு மாற்றுவழி கிடையாது, குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டி வைத்திருப்பவரைத் தவிர.

முதலில் எங்கே பார்ப்பது

குடுவை என்பது இலையின் நுனி நீண்டு தந்துவாகி, தந்துவின் முனை பருத்து உருவாவது. அதற்கும் ஆயுள் உண்டு. சில மாதங்கள் இருந்து, மூடியிலிருந்து கீழ்நோக்கிப் பழுப்பாகிக் காய்ந்து போகும். அடியிலைகளும் அவ்வாறே மஞ்சளாகி உதிரும். இவை மூப்பு, நோயல்ல. செடியின் நலத்தை அறிய வேண்டுமானால் உச்சியிலுள்ள குருத்தைப் பாருங்கள். புதிய இலை முந்தியதைவிடப் பெரிதாகவோ அதே அளவாகவோ, கோணலின்றி, பளபளப்பாக வருமாயின், கீழே நான்கு குடுவைகள் கருகியிருந்தாலும் செடிக்கு ஒன்றுமில்லை. புதிய இலை ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறுத்து வந்தால், எல்லாக் குடுவைகளும் பச்சையாக இருந்தாலும் உள்ளே ஏதோ பிழையிருக்கிறது.

வாங்கி வந்த சில நாட்களில் எல்லாக் குடுவைகளும் கருகிவிட்டன

இது பயணக் களைப்பு. கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவரும்போது குடுவைகள் சரிந்து உள்ளிருந்த நீர் கொட்டிவிடும். நிழலும் ஈரமுமாக இருந்த நாற்றுமேடையை விட்டு நம் காற்றுக்கு வரும்போது செடி தன் குடுவைகளை முதலில் கைவிடும். நீர் கொட்டிய குடுவையில் மழைநீரை மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு ஊற்றலாம். விளிம்புவரை நிரப்பினால் பாரத்தில் சரியும், உள்ளே சுரந்திருந்த செரிமான நீரும் நீர்த்துப் போகும்.

செடி முழுவதையும் ஒளி புகும் பொலித்தீன் பையால் தளர்வாக மூடி, நேரடி வெயில் படாத இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். பின்னர் பையில் நாளுக்கொரு துளையாக இட்டுக் காற்றைப் பழக்குங்கள். வெயில் படுமிடத்தில் பையோடு வைத்தால் ஒரே பிற்பகலில் செடி வெந்துவிடும். புதிய குடுவை வர ஒன்றிரண்டு மாதங்கள் ஆகலாம். அதுவரை சாடியை மாற்றாதீர்கள், உரம் இடாதீர்கள், இடம் மாற்றிக்கொண்டும் இருக்காதீர்கள். இந்தக் கட்டத்தில் செடியைக் கொல்வது பெரும்பாலும் வளர்ப்பவரின் ஆர்வம்தான்.

இலைநுனியும் விளிம்பும் கருகுகின்றன. சாடியின் மேல் வெண்படிவு தெரிகிறது

இந்த ஊரின் தலையாய பிழை இதுவே என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். குடுவைச் செடியின் வேர் வறிய, புளித்த மண்ணுக்குப் பழகியது. உப்புக்களைச் சமாளிக்க அதற்குத் தெரியாது. நமது கிணறுகளோ கடலோரக் கிணறுகள். பக்கத்து ஊருக்கே உப்புவெளி என்ற பெயர் இருக்கும்போது வேறு சாட்சி எதற்கு? வெங்காயத்துக்கும் கத்தரிக்கும் நல்ல தண்ணீர் என்று பெயரெடுத்த கிணற்றில்கூட, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மானியை வைத்தால் மில்லியனில் 500, 600 என்று எண் ஓடும். குடுவைச் செடிக்கு 50 க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 100 வரை பொறுக்கும்.

ஒரு சிறு கணக்குப் போட்டால் இதன் கடுமை விளங்கும். 300 என்று காட்டும் நீரை நாளுக்குக் கால் லீற்றர் வீதம் 30 நாட்கள் ஊற்றினால், சாடிக்குள் சேரும் உப்பு இரண்டேகால் கிராம். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கச்சான் காலத்தில் சாடி விரைவில் காய்வதால் நாம் அடிக்கடி ஊற்றுகிறோம், அடிக்கடி ஊற்றுவதால் உப்பும் விரைவாக ஏறுகிறது. தாகம் தீர்ப்பதாக நினைத்து உவரைப் பருக்குகிறோம்.

நீரைக் கொதிக்கவைப்பதால் உப்பு போகாது. கொதித்து வற்றிய அளவுக்கு அது இன்னும் செறியும். வாளியில் ஓரிரவு வைத்து ஊற்றினால் குழாய்நீரின் குளோரின் ஓரளவு நீங்குமேயன்றி உப்பு அப்படியே இருக்கும். சாம்பல் நிறச் சீமெந்துச் சாடியில் நட்டிருந்தால், நல்ல நீர் ஊற்றினாலும் சாடியின் சுவரிலிருந்து சுண்ணாம்பு கசிந்து வரும். மண்சாடியின் சுவர் உப்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அழகு குறைவுதான், ஆயினும் பிளாஸ்டிக் சாடியே இதற்கு ஏற்றது.

சரிசெய்யும் முறை இது. சாடியைக் கிணற்றுக்கட்டின் மீதோ இரண்டு செங்கற்களின் மீதோ தூக்கி வைத்து, கீழே ஒரு வெள்ளைக் கோப்பை வையுங்கள். மழைநீரை மெல்லிய தாரையாக, சாடியின் கொள்ளளவைப்போல் நான்கைந்து மடங்கு ஊற்றுங்கள். முதலில் வழிவது வெறுந்தேத்தண்ணி நிறத்தில் இருக்கும்; கோப்பையில் மானியை அமிழ்த்தினால் எண் திடுக்கிட வைக்கும். என் செடியொன்றில் முதற் கோப்பை 940 காட்டியது, ஐந்தாவது கோப்பை 210, பத்தாவது 70. வழியும் நீரின் நிறம் வெளுத்ததும் நிறுத்திவிடாமல், எண் 100 க்குக் கீழ் வரும்வரை தொடருங்கள். ஒரு கிழமை கழித்து மீண்டும் அளந்தால் எண் சற்று ஏறியிருக்கும், ஏனெனில் சாடியிலுள்ள தேங்காய்த் தும்புக்குள் பிடித்திருந்த உப்பு மெல்லவே வெளியேறும். இரண்டாம் முறை கழுவுங்கள். கருகிய விளிம்பு மீண்டும் பச்சையாகாது. அடுத்து வரும் இலை விளிம்பு கருகாமல் வருகிறதா என்பதே பரீட்சை.

நல்ல நீர் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. மாரி மழைதான் விடை. பத்துச் சதுர மீற்றர் கூரையில் பத்து மில்லிமீற்றர் மழை பெய்தால் நூறு லீற்றர் பீலியில் ஓடும். மே முதல் செப்டெம்பர் வரையான ஐந்து மாதங்களுக்கு ஒரு செடிக்கு நாளுக்குக் கால் லீற்றர் என்றால் ஏறக்குறைய 38 லீற்றர். பத்துச் செடிக்கு 500 லீற்றர்த் தாங்கி ஒன்று தாராளம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: கடலுக்கு அண்மையிலுள்ள வீடுகளின் கூரையில் கோடை முழுவதும் உப்பும் தூசியும் படிந்திருக்கும். ஐப்பசியின் முதல் மழைகளைத் தாங்கிக்குள் விடாமல், கூரை நன்றாகக் கழுவப்பட்ட பின்னர் பிடியுங்கள். தாங்கியின் வாயை நுளம்பு புகாத வலையால் கட்டுவதும் கட்டாயம். மழைநீர் தீர்ந்துபோனால், குடிப்பதற்கு விற்கும், உப்பை வடிகட்டி நீக்கிய ஆர்.ஓ. நீரை மானியால் அளந்து வாங்குங்கள். குளிரூட்டியின் குழாயிலிருந்து சொட்டும் நீரும் உப்பற்றதே. உள்ளிருக்கும் உலோகத் தகடுகளில் பட்டு வருவதால் அதை அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறேன்.

நடுகை ஊடகமும் இதே பிழையைக் கொண்டுவரும். நமக்கு எளிதில் கிடைப்பது தும்புத்தூளும் பொச்சுத்துண்டும். கடலோரத்தில் மட்டை ஊறவைத்துப் பெற்ற தும்பில் உப்பு ஏறியிருக்கும். சாக்கில் கட்டி, நன்னீரில் ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீர் 100 க்குக் கீழ் காட்டும்வரை மாற்றி மாற்றிக் கழுவிய பின்னரே நடுங்கள். கழுவிய சிரட்டைக்கரியைச் சிறு துண்டுகளாகக் கலந்தால் காற்றோட்டம் கிடைக்கும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதில் உப்போடு சிப்பித்தூளின் சுண்ணாம்பும் உண்டு. செங்கட்டித் துண்டும் மாட்டெருவும் இந்தச் செடிக்கு ஆகா.

இலை செழிப்பாக வருகிறது. குடுவை மட்டும் வருவதில்லை

தந்துவின் நுனியைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். அங்கே மூவகை நிலை தெரியும், ஒவ்வொன்றும் வேறு காரணத்தைச் சொல்லும்.

நுனியில் நெல்மணி அளவு மொட்டொன்று தோன்றி, பயற்றம் பருப்பளவு வந்து, பிறகு பழுப்பாகிச் சுருங்கிவிட்டால், காற்று வறண்டிருக்கிறது. இது கச்சானின் வேலை. கோயில் வாசலில் சுருளில் கட்டி விற்கும் கச்சானை, அதாவது நிலக்கடலையை, சொல்லவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடேறி, ஈரம் இழந்து கிழக்குக் கரைக்கு வரும் காற்று அது. செடிக்கு வேண்டிய ஈரப்பதன் 60 வீதத்துக்கு மேல். 70, 80 இருந்தால் குடுவை பெருக்கும். ஆடி மாதப் பிற்பகலில் என் முற்றத்து ஈரப்பதமானி 45 வரை இறங்குகிறது, விடியற்காலையில் 80 க்கு ஏறிவிடுகிறது. ஆகவே காக்க வேண்டியது முற்பகல் 11 மணி முதல் மாலை 4 மணி வரையான பொழுதை மட்டுமே. வீட்டின் வடகிழக்குப் பக்கத்துக்குச் செடியை மாற்றுங்கள். அப்போது வீடே காற்றுக்கு மறைப்பாகும். தென்மேற்குப் பக்கத்தில் நனைத்த சணற்சாக்கைத் தொங்கவிடுங்கள். செடிகளைக் கூட்டமாக வைத்து, அடியில் அகன்ற தட்டில் சல்லிக்கல் பரப்பி நீர் ஊற்றி, சாடி நீரைத் தொடாதபடி கல்லின் மேல் நிறுத்துங்கள். சாக்கை நனைக்கக் கிணற்றுநீர் போதும். இலைமேல் தெளிப்பதற்கு மட்டும் மழைநீர். இல்லாவிடில் இலை முழுவதும் வெண்புள்ளி காயும்.

மொட்டே தோன்றாமல், தந்து நூல்போல நீண்டு, இலையும் கரும்பச்சையாய் மெலிந்து தொங்கினால், ஒளி போதவில்லை. மாமரத்து அடர்ந்த நிழல் நமக்கு இதம், குடுவைக்கு இதமன்று. காலை வெயில் மூன்று நான்கு மணிநேரம் நேரே பட்டு, பிற்பகலில் 50 வீத நிழல்வலைக்குக் கீழ் இருப்பது இந்த ஊருக்கு ஏற்ற அளவு. இலையில் இலேசான செம்மை ஏறினால் ஒளி போதுமென்று கொள்ளலாம்.

ஒளியும் ஈரமும் சரியாக இருந்தும், இலைகள் மட்டும் வாழையிலை போல் கொழுத்து வந்தால், யாரோ சாடிக்கு உரம் இட்டிருக்கிறார்கள். வேரால் நைதரசன் தாராளமாகக் கிடைக்கும்போது பூச்சி பிடிக்கச் செடிக்குத் தேவையில்லை. மழைநீரால் கழுவிவிட்டுக் காத்திருங்கள். உணவூட்டத்தான் வேண்டுமென்றால் திறந்த குடுவைக்குள் இரண்டு எறும்போ ஒரு சிறு வண்டோ போதும். முற்றத்தில் வைத்த செடி அதைத் தானே தேடிக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டு மூன்று வயதான செடி தரையோரக் கொத்தாக இருப்பதை விட்டுக் கொடியாக ஏறத் தொடங்கும் காலத்தில் குடுவைகளைச் சிறிது நிறுத்திவைக்கும். தந்து சுற்றிப் பிடிக்கக் கம்போ வலையோ கொடுங்கள்; பற்றுக்கோடு கிடைத்தால் ஒல்லியான மேற்குடுவைகளை விடும். கொடி நீண்டு அசிங்கமாகிவிட்டால் மாரித் தொடக்கத்தில் வெட்டுங்கள். வெட்டிய தண்டை இரண்டு மூன்று கணுக்களாக நறுக்கி, ஈரமான ஸ்பாக்னம் பாசியில் நட்டால் புதுச் செடிகளும் கிடைக்கும்.

சாடி ஈரமாக இருக்கிறது, செடி வாடுகிறது

ஈரத்தில் வாடும் செடிக்கு மேலும் நீர் ஊற்றுவது இயல்பாக எழும் தவறு. வேர் மூச்சுத்திணறி அழுகியிருக்கலாம், அல்லது சூட்டில் வெந்திருக்கலாம். கறுத்த பிளாஸ்டிக் சாடியின் மேற்குப் பக்கத்தைப் பிற்பகல் 3 மணிக்குத் தொட்டுப் பாருங்கள். கையை எடுக்க வைத்தால் உள்ளே வேரும் அதே சூட்டில் இருக்கிறது. சாடியை அதைவிடப் பெரிய வெள்ளைச் சாடிக்குள் இறக்கி, இடைவெளியில் பொச்சுத்துண்டு நிரப்புவது எளிய தீர்வு.

அழுகலைச் சரிபார்க்கச் செடியைச் சரித்து எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை: குடுவைச் செடியின் நல்ல வேரே கறுப்பாக, மெல்லிய மயிர்போல, எளிதில் ஒடிவதாக இருக்கும். ரோசா வேரைப் பார்த்துப் பழகியவர்கள் அதைக் கண்டவுடன் அழுகிவிட்டதென்று வெட்டித் தள்ளுகிறார்கள். விரலால் நசுக்கும்போது நடுவில் நார் தட்டுப்பட்டால் அது உயிருள்ள வேர். தோல் வழுக்கிக் கழன்று, உள்ளே வெறுமையாகி, சேற்று நாற்றம் வந்தால் மட்டுமே அழுகல். அப்படியாயின் அழுகியதை நீக்கி, இலைகளில் பாதியை வெட்டிக் குறைத்து, புதிய, கரடுமுரடான ஊடகத்தில் நட்டு, முன்சொன்ன பொலித்தீன் பைக்குள் வையுங்கள். இனிமேல் சாடியின் அடியில் நீர் தேங்க விடாதீர்கள்.

இலைகளில் புள்ளிகளும் திட்டுக்களும்

மேற்பரப்பில் மட்டும், வெயில் பட்ட பக்கத்தில், காய்ந்த வைக்கோல் நிறத்தில் திட்டு விழுந்து, நாட்கள் போயும் பரவாமல் இருந்தால் வெயிற்காயம். நிழலிலிருந்து ஒரேயடியாக வெளியே எடுத்த செடிக்கு வருவது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று கடலிலிருந்து நேரே வீசும்போது, கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் நுனி கருகினால் அது உப்புத்தூவல். மழை விட்ட நாட்களில் மழைநீரால் இலையைக் கழுவினால் போதும். கருஞ்சிவப்பு வளையம் சூழ்ந்த புள்ளிகள் கீழிலைகளில் தொடங்கி மேலே பரவினால் பூஞ்சை. அடைமழையில் காற்றோட்டமின்றி நெருக்கி வைத்ததன் விளைவு அது. நோயிலைகளை வெட்டி எரியுங்கள், சாடிகளை விலக்கி வையுங்கள். செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியை இதற்குத் தெளிக்க வேண்டாம். நோயைவிட மருந்து முந்திக் கொல்லும்.

குருத்து கோணலாகிறது, செடி பிசுபிசுக்கிறது

பிசுபிசுப்பு எல்லாம் பூச்சியல்ல. தண்டிலும் இலையின் அடியிலும் தந்துவிலும் இந்தச் செடி தானே தேன் சுரக்கும். கண்ணாடி மணிபோலத் தெளிந்த துளிகள், எறும்பை வரவழைப்பதற்கானவை. அதைத் துடைக்க வேண்டாம். இலைக்கக்கத்தில் பஞ்சுப்பொட்டுப்போல வெள்ளை ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. எறும்பு குடுவைக்குள் விழாமல் அந்த இடத்திலேயே கூடி நின்றால் ஐயமே வேண்டாம். பஞ்சில் மதுசாரம் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து, ஐந்து நாளைக்கொருமுறை மூன்று தடவை திரும்பப் பாருங்கள். புதிய இலை வெள்ளி பூசியதுபோல் சொரசொரத்துச் சுருண்டால் பனிப்பூச்சியோ சிற்றுண்ணியோ என்று கொள்ளலாம். இரண்டும் கச்சான் காலத்து வறட்சியில் பெருகுபவை. மழைநீரை இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீச்சியடித்தாலே பெரும்பகுதி ஒழியும். வேப்பெண்ணெய் தெளிப்பதாயின் ஓர் இலையில் மட்டும் தெளித்து மூன்று நாள் பொறுத்துப் பார்த்து, பின்னர் வெயில் சாய்ந்த வேளையில், குடுவை வாய்க்குள் விழாதபடி தெளியுங்கள்.

குடுவை நாறுகிறது, உள்ளே நுளம்பு இருக்குமோ என்ற பயம்

ஒரு குடுவைக்குள் அளவுக்கு மீறி இரை விழுந்தால் செரிமானம் தோற்று அழுகல் வெல்லும். வீட்டுப் பிள்ளைகள் கருவாட்டுத் துண்டு போட்டிருந்தாலும் இதுவே நடக்கும்; என் வீட்டில் நடந்தது, ஒரு குடுவை அடியிலிருந்து கறுத்து இரண்டு நாளில் சரிந்தது. அந்தக் குடுவையை மட்டும் வெட்டிவிடுங்கள். இலை பச்சையாக இருந்தால் அதை விட்டுவைக்கலாம்.

நுளம்பைப் பற்றிய பயம் நியாயமானது. 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பட்ட பாட்டை இந்த மாவட்டம் மறக்கவில்லை. குடுவை நீரில் வாழப் பழகிய சில நுளம்பு வகைகள் காடுகளில் உண்டு என்பதும் மெய். ஆயினும் நம் முற்றத்தில் முதலில் ஐயுற வேண்டியது குடுவையை அல்ல, சாடிக்கு அடியிலுள்ள தட்டையும் மூடாத வாளியையுமே. கல் பரப்பிய தட்டைக் கிழமைக்கு இருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள், ஏனெனில் நீரை ஊற்றிவிட்டாலும் டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். குடுவைகளையும் அதே நாட்களில் டோர்ச் அடித்துப் பாருங்கள். புழு நெளிந்தால் நீரைக் கவிழ்த்துவிட்டுப் புதிய மழைநீர் சிறிது ஊற்றுங்கள்.

பச்சைவீட்டுக்குள் வைத்தும் செடி தேறவில்லை

நுவரெலியாவில் பார்த்ததைப்போல் முழுவதும் பொலித்தீனால் மூடிய பச்சைவீட்டை இங்கே கட்டினால், அது நண்பகலில் அடுப்பாகும். உள்ளே ஈரப்பதன் 90 இருந்தாலும் வெப்பம் 45 ஐத் தாண்டினால் பயனில்லை. இந்த ஊருக்கு வேண்டியது நிழல்வலைக் கூடம்; கச்சான் வரும் தென்மேற்குப் பக்கத்தில் மட்டும் பொலித்தீன் திரை, அதையும் மாரி தொடங்கியதும் வடகிழக்குப் பக்கத்துக்கு மாற்றிக் கட்டுங்கள். கூரை ஓரம் திறந்திருக்கட்டும்.

ஒரே இரவில் இலைகளைக் காணவில்லை

பூச்சிநூலில் இதற்கு விடை தேடாதீர்கள். வெட்டுவாய் கத்தரித்ததுபோல் இல்லாமல் பிய்ந்திருந்தால், அதுவும் கோட்டைப் பக்கத்திலோ கடற்கரை வீதியோரத்திலோ உங்கள் வீடு இருந்தால், மான். பிரெட்ரிக் கோட்டைப் புள்ளிமான்கள் நகருக்குள் உலவுவதைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகளுக்கு மகிழ்ச்சி, பூச்சாடி வைத்திருப்பவருக்கு இல்லை. குடுவைகள் மட்டும் பிடுங்கப்பட்டுக் கீழே சிதறிக் கிடந்தால் குரங்கு. நீர் குடித்துவிட்டு எறிந்திருக்கும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: சாடியை எட்டாத உயரத்தில் கம்பிவலைக்குள் தொங்கவிடுவது. குருத்து தப்பியிருந்தால் செடி மீளும்.

நிமிர்ந்து நிற்கும் குடுவைகள் ஆண்டுக்காண்டு சிறுக்கின்றன

இது நெப்பெந்தஸ் அன்று, வட அமெரிக்கச் சதுப்புநிலத்துச் சரசீனியா. அதற்கும், அதே நாட்டு இலையான்பொறிக்கும், மூன்று நான்கு மாதக் குளிர்கால உறக்கம் வேண்டும்; ஏறக்குறைய 10 பாகைக்குக் கீழான குளிர் அது. நமது மார்கழி அதற்குக் கோடையே. உறங்காத செடி ஓரிரு ஆண்டுகள் ஓடித் தளர்ந்து மடியும். நீரோ மண்ணோ காரணமல்ல, எனவே அவற்றை மாற்றிப் பயனில்லை. குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டில் கிழங்கை வைத்து உறங்கவிடும் முறை உண்டு. நானும் செய்து பார்த்தேன். மின்வெட்டுக் காலத்தில் மூன்றில் இரண்டு பூஞ்சணம் பிடித்தன, மூன்றாவதை இஞ்சி என்று எண்ணி வீட்டில் நறுக்கிவிட்டார்கள்.

தண்டு முழுவதும் கருகிவிட்டது

எறிவதற்கு முன் உச்சியிலிருந்து கீழே வந்து வந்து தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தோலுக்கடியில் பச்சை தெரிந்த இடத்துக்கு மேலே வெட்டிவிடுங்கள். மண்மட்டம்வரை பச்சையே தெரியாவிட்டாலும், வேர் நசுங்காமல் நாருடன் இருந்தால், அடிக்கணுவிலிருந்து முளை வர வாய்ப்புண்டு. சாடியை நிழலில் வைத்து, காயாமலும் தேங்காமலும் மழைநீர் கொடுத்துவாருங்கள். ஆடியில் கருகிய செடி மாரி மழை நன்றாகப் பிடித்த பிறகே அரிசிமுனை அளவில் முளைகாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். எனவே தை பிறக்கும்வரை அந்தச் சாடியைக் கொட்டாதீர்கள்.